28.6 இல்ல, 26.7 தான் சரி: ஆன்சர் கீயைத் திருத்தச் சொல்லி புகார்

வணக்கம் சார் / மேடம்,

என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. உங்க ஆப்ல ஜேஇஇ டெஸ்ட் சீரிஸுக்கு 18,500 ரூபா ஒரே தவணையா கட்டி சேர்த்துவிட்டேன். நான் பாய்லர் ஹவுஸ்ல 22 வருஷமா வேலை பாக்குறவன், டிப்ளமோ மெக்கானிக்கல். இதை ஏன் சொல்றேன்னா, உங்க கஸ்டமர் கேர்ல பேசுன தம்பி "பேரண்ட்ஸுக்கு இந்த கான்செப்ட் புரியாது சார், எக்ஸ்பர்ட் செக் பண்ணது"ன்னு சொல்லி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டார். ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் க்ளோஸ். அதனாலதான் மூணாவதா இந்த லெட்டர், இதையாவது பிசிக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் கைல குடுங்க.

போன வார தெர்மோடைனமிக்ஸ் டெஸ்ட்ல கடைசி கேள்வி. ஓரணு ஐடியல் கேஸ், பிரஷர் வால்யூம் கிராஃப்ல முக்கோணமா ஒரு சைக்கிள், கிளம்புன புள்ளிக்கே திரும்பி வர்ற சுற்று. ஏ-ங்கற புள்ளில 100 கிலோபாஸ்கல், 1 லிட்டர், 300 கெல்வின். அங்கருந்து வால்யூம் மாறாம சூடாக்கி 300 கிலோபாஸ்கலுக்கு போனா பி. பி-ல இருந்து நேர்கோடா இறங்கி 100 கிலோபாஸ்கல், 3 லிட்டர்ல சி. சி-ல இருந்து பிரஷர் மாறாம சுருங்கி திரும்ப ஏ. எஃபிஷியன்சி, அதாவது உள்ள போன ஹீட்ல எவ்வளவு வேலையா கிடைக்குதுங்கறது, எத்தனை சதவீதம், ஒரு தசமத்துக்கு சொல்லணும். உங்க கீல 28.6, என் பொண்ணு போட்டது 26.7. தப்புன்னு சொல்லி 4 மார்க் போச்சு, மைனஸ்ல இன்னொண்ணும் போச்சு.

உங்க சொல்யூஷன் வீடியோவை நாலு தடவை பாத்துட்டேன். முக்கோணத்தோட ஏரியா 200 ஜூல், அதான் கிடைக்கற வேலை, அது சரி. ஏ-ல இருந்து பி வரைக்கும் உள்ளாற்றல், அதாவது கேஸுக்குள்ளயே இருக்கற ஆற்றல் மட்டும்தான் ஏறுது, 300 ஜூல் உள்ள போகுது, அதுவும் சரி. அடுத்து உங்க சார் சொல்றார், பி-லயும் சி-லயும் டெம்பரேச்சர் ஒண்ணுதான், ரெண்டும் 900 கெல்வின், அதனால உள்ளாற்றல் மாறல, கேஸ் செஞ்ச வேலை 400 ஜூல், அப்போ உள்ள போன ஹீட்டும் 400, மொத்தம் 700, 200-ஐ 700-ஆல வகுத்தா 28.6ன்னு. இங்கதான் சார் தப்பு.

ரெண்டு முனையிலயும் டெம்பரேச்சர் ஒண்ணா இருக்குங்கறதுக்காக நடுவுல எல்லா இடத்துலயும் அப்படியே இருக்குன்னு ஆகாது. அந்த நேர்கோடு ஐசோதெர்மல், அதாவது டெம்பரேச்சர் மாறாத பாதை கிடையாது. சரியா நடுவுல, 2 லிட்டர்ல பிரஷர் 200 கிலோபாஸ்கல், ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, ஏ-ல இருந்ததை விட நாலு மடங்கு, அதாவது 1200 கெல்வின். 900-ல இருந்து 1200 ஏறி மறுபடி 900-க்கு இறங்குது. என் பொண்ணு இதை பாத்துட்டுதான், ஹீட் எங்க வரைக்கும் உள்ள போகுது, எங்கருந்து வெளிய வருதுன்னு தனியா கணக்கு போட்டா. ஒவ்வொரு லிட்டர் விரிவுக்கும் போற ஹீட் 1000 கழித்தல் 400 பெருக்கல் வால்யூம், இத்தனை ஜூல்னு வருது. இது 2.5 லிட்டர்ல ஜீரோ ஆகுது. அது வரைக்கும் 450 ஜூல் உள்ள போகுது, அதுக்கப்புறம் சி வரைக்கும் 50 ஜூல் வெளிய வருது. 450 கழித்தல் 50, அதைத்தான் உங்க சார் 400ன்னு ஒரே எண்ணா எழுதிட்டார்.

கால்குலஸ் வேணாம்னா துண்டு துண்டா போட்டும் பாக்கலாம், நான் அப்படித்தான் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பேப்பர்ல போட்டு பாத்தேன். 2.5-ல இருந்து 3 லிட்டர் வரைக்கும் கேஸ் செய்யற வேலை 62.5 ஜூல், ஆனா உள்ளாற்றல் குறையறது 112.5 ஜூல். குறையறதுல வேலைக்கு போனது போக மிச்சம் 50 ஜூல் வெளிய போகாம எங்க போகும்? அதே மாதிரி 2-ல இருந்து 2.5 வரைக்கும் போட்டா இன்னொரு அழகான விஷயம் தெரியுது, அங்க டெம்பரேச்சர் 1200-ல இருந்து 1125-க்கு இறங்கிட்டு இருக்கு, ஆனா ஹீட் இன்னும் உள்ளதான் போகுது, வேலை 87.5, உள்ளாற்றல் குறையறது 37.5, பாக்கி 50-ஐ வெளியிலருந்துதான் வாங்கணும். சூடு குடுத்துட்டே இருக்கும்போது டெம்பரேச்சர் இறங்கறதை நான் அன்னைக்குத்தான் கணக்குல பாத்தேன், ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்ணை எழுப்பி காட்டுனேன்.

அப்போ உள்ள போன மொத்த ஹீட் 300 கூட்டல் 450, 750 ஜூல். வெளிய போனது இந்த 50-ம், சி-ல இருந்து ஏ வரைக்கும் போற 500-ம் சேர்த்து 550. கழிச்சா 200, வேலையும் 200, கணக்கு ஒட்டுது. 200-ஐ 750-ஆல வகுத்தா 26.7. நம்ம ஸ்டேட் போர்டு பதினொண்ணாவது புக்குலயும் பயனுறு திறன்னா செய்த வேலை வகுத்தல் எடுத்துக்கொண்ட வெப்பம்னுதான் இருக்கு. எடுத்ததுல விட்டதை கழிச்சிட்டு வகுக்கச் சொல்லி எங்கயும் இல்ல. அப்படி கழிக்கலாம்னா சைக்கிள் முழுக்க கழிச்சிடுங்க, 750-ல 550 போனா 200, 200-ஐ 200-ஆல வகுத்தா எந்த இன்ஜினுக்கும் 100 சதவீதம்னு வந்துரும்.

எங்க பாய்லர்ல எரிச்ச நிலக்கரிக்குத்தான் பில்லு, கண்டென்சர் தண்ணில போன சூட்டை பில்லுல கழிச்சு யாரும் தர மாட்டாங்க. வெளிய போற அந்த சூட்டை புடிச்சு வச்சு திரும்ப குடுக்கலாமேன்னு கேட்டா, குடுக்கலாம், 1816-லயே ராபர்ட் ஸ்டிர்லிங் அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணி பேட்டன்ட் வாங்கிட்டார், ஆனா உங்க கேள்வில அப்படி ரீஜெனரேட்டர்னு ஒரு வார்த்தை இல்ல.

உங்க ரெண்டாவது பதில்ல, 300-க்கும் 900-க்கும் நடுவுல கார்னோ லிமிட், அதாவது எந்த இன்ஜினும் தாண்ட முடியாத உச்ச எஃபிஷியன்சி, 66.7 சதவீதம், 28.6 அதுக்கு கீழதான் இருக்கு, அதனால விடை சரின்னு போட்டிருந்தீங்க. படிச்சதும் கோவம்தான் வந்துச்சு. கார்னோ லிமிட் மேல போகாதேன்னு தடுக்கும், அவ்ளோதான். அதுக்கு கீழ இருக்கற எல்லா நம்பரும் சரியான விடை ஆயிடுமா? அதுலயும் 900 தப்பு, இந்த சைக்கிள்ல உச்ச டெம்பரேச்சர் 1200, லிமிட் 75.

மார்க்கை விட என்னை வருத்துறது வேற. ஞாயித்துக்கிழமை அடுத்த டெஸ்ட்ல இதே மாதிரி ஒரு கேள்வி வந்துச்சு, அதுல பொண்ணு உங்க சார் முறைலயே போட்டு ஃபுல் மார்க் வாங்கிட்டா. ஏம்மா இப்படி போட்டேன்னு கேட்டா, "சரியான விடை வேறப்பா, இவங்க கேக்கற விடை வேற"ங்கறா. பதினாறு வயசு புள்ள. உண்மையான எக்ஸாம்ல இப்படி போட்டா மார்க் போகும், அதுக்கு நானே காசு கட்டி பழக்கிவிட்ட மாதிரி ஆயிடுச்சு.

இந்த ரெண்டு கேள்விக்கும் ஆன்சர் கீயைத் திருத்துங்க, சரியா போட்ட எல்லா பசங்களுக்கும் மார்க் போட்டு ரேங்க் லிஸ்ட்டை மறுபடி விடுங்க, என் பொண்ணுக்கு மட்டும் தனியா 5 மார்க் குடுத்து வாயை அடைக்க வேண்டாம். அந்த வீடியோவை எடுத்துட்டு வேற வீடியோ போடுங்க, என்ன தப்புன்னு பசங்களுக்கு ஆப்லயே சொல்லுங்க. பத்து நாள்ல பதில் வரலன்னா மிச்ச மாசத்துக்கான காசை திருப்பித் தரச் சொல்லி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் பண்ணி கம்ப்ளைன்ட் பதிவு பண்றேன், அங்கயும் ஆகலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு போறேன்.

பொண்ணு நோட்டுல போட்ட ரெண்டு பக்கத்தையும் நான் போட்ட துண்டுக் கணக்கையும் ஃபோட்டோ எடுத்து இதோட வச்சிருக்கேன். எந்த வரில தப்புன்னு உங்க எக்ஸ்பர்ட் சுட்டிக் காட்டட்டும், மதியம் மூணு மணிக்கு மேல எப்ப வேணா கூப்பிடுங்க, பொண்ணும் பக்கத்துல இருப்பா.

இப்படிக்கு,
உங்க ஆப்ல படிக்கிற ஒரு பொண்ணோட அப்பா,
திருச்சி மாவட்டம்.