எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவி, பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
முக்கூடல் அருகில், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர் வழங்கவும், ஆசிரியர் வெளிவேலைக்குப் போகும் நாள்களில் பதிலுக்கு ஒருவரை அனுப்பவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் தனித்தாளில் எழுதி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த மனுவைப் பல பேர் வாசிப்பார்கள். எங்கள் ஆசிரியர்கள் மேல் ஒரு பழிச்சொல்லும் விழுந்துவிடக் கூடாது. இரண்டு பேருமே நல்லவர்கள், பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர்கள். இரண்டே பேராக இருப்பதுதான் எங்கள் குறை.

பள்ளியில் 41 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள். ஒன்று முதல் மூன்று வரை ஒரு டீச்சர் பார்க்கிறார். எண்ணும் எழுத்தும் திட்டப்படி, கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்து, மூன்று கூட்டத்துக்கும் வேறு வேறு வேலை கொடுக்கிறார். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் பொறுப்பு. ஆனால் தலைமை ஆசிரியருக்கு வகுப்பு மட்டுமா வேலை? காலையில் வருகையை செயலியில் ஏற்ற வேண்டும். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் கேட்கும் விவரங்களைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது. போனைத் தூக்கிக்கொண்டு அவர் வேப்பமரத்தடிக்கும் ரோட்டுக்குமாக நடப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். புத்தகம், நோட்டு, சீருடை வந்திருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய் வாங்கி வர வேண்டும். குறுவள மையத்தில் பயிற்சி, வட்டார வள மையத்தில் கூட்டம், அப்புறம் வாக்காளர் பட்டியல் வேலை.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலாண்டுப் பரீட்சை வரைக்கும் எங்கள் வீட்டுத் தினக் காலண்டரில் ஒரு குறி போட்டு வந்தேன். பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியர் இருந்த, அல்லது ஒருவருமே இல்லாத நாளுக்கு ஒரு வட்டம். மொத்தம் 23 வட்டங்கள். அதில் ஒரு நாள் டீச்சருக்குப் பயிற்சி, அதே நாளில் தலைமை ஆசிரியரை அவசரக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று பீடிச் சுளகை அப்படியே வைத்துவிட்டு நான்தான் போய் உட்கார்ந்தேன். சத்துணவு அமைப்பாளரும் நானுமாக 41 பிள்ளைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டோம். பார்த்துக்கொண்டோம் என்றுதான் சொல்ல முடியும், பாடம் நடந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் காலண்டர் தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. நான்கையும் ஐந்தையும் ஒருவரே எடுத்தால், என் மகளுக்கு நேராகக் கிடைப்பது அதில் பாதி, 400 மணி நேரம். அந்த 400இலிருந்துதான் கூட்டமும் பயிற்சியும் செயலியும் கழிகின்றன. அதே அட்டவணைதான் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்றும் சொல்கிறது. 61 ஆனால் மூன்று பேர். தலையை எண்ணினால் அந்தக் கணக்கு சரி. வகுப்பை எண்ணினால் சரியில்லை, ஐயா. 41 பிள்ளைகள் இருந்தாலும் 120 பிள்ளைகள் இருந்தாலும் வகுப்பு ஐந்துதானே?

இதனால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகளை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தார்கள். அப்போது வந்த இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராகச் சேர்ந்து, சாயங்காலம் 5 மணி முதல் 7 மணி வரை எங்கள் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் ஒரு பிள்ளை வாசிக்கிறதா, மனப்பாடமாகச் சொல்கிறதா என்று எனக்குத் தெரியும். பாடப் புத்தகத்தை நீட்டினால் கடகடவென்று சொல்லும் பிள்ளைகள், ரேஷன் கடை அறிவிப்புப் பலகையைக் காட்டினால் எழுத்து எழுத்தாகத் தடவுகிறார்கள்.

எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் அப்பா கேரளாவில் வேலை பார்க்கிறார். ராத்திரி வாட்ஸ்அப்பில் மகனுக்கு ஏதாவது எழுதி அனுப்புவார். இவன் எப்போதும் குரல் பதிவுதான் திருப்பி அனுப்புவான். ஒரு நாள் நான், "எழுதி அனுப்பேன்டா, அப்பா சந்தோஷப்படுவாங்கல்லா" என்றேன். "டைப் அடிக்கப் பிடிக்காது அத்தை" என்றான். அப்புறம் அவனுடைய ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது, அப்பா அனுப்புவதையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறானாம். அவன் மக்குப் பையன் இல்லை. குளத்தில் எத்தனை மடை, எந்த மடை எந்த வயலுக்கு என்று ஒன்று விடாமல் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து அவனை மட்டும் ஒரு மாதம் வாசிக்க வைக்க ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். பாடம் நடக்காத நாளில் பெண்பிள்ளைகள் சோறு சாப்பிட்டதும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டுகிறார்கள். "சும்மாதானே இருக்கா" என்று அம்மாக்களும் விட்டுவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்தவள்தான். என் மகள் உட்காரக் கூடாது.

கிராம சபைக் கூட்டத்தில் உலக நாடுகளின் வளர்ச்சி இலக்குகளைப் பற்றி வாசித்தார்கள். 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் சேர்ந்து 17 இலக்குகளை ஏற்றன. நான்காவது இலக்கு, 2030க்குள் உலகத்தில் எல்லோருக்கும் தரமான கல்வி. கேட்டதும் எனக்கு மனது நிறைந்துபோனது. வீட்டுக்கு வந்து அதைப் பற்றித் தேடி வாசித்தேன். இந்த வாக்குறுதிக்கு என் வயதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. 1990இல், நான் பிறந்த வருடம், தாய்லாந்தில் ஜோம்தியன் என்ற ஊரில் நாடுகள் எல்லாம் கூடி, 2000க்குள் எல்லோருக்கும் கல்வி என்றார்கள். 2000இல் செனகல் நாட்டு டாக்கரில் கூடி, 2015 என்றார்கள். 2015இல் என் மகள் பிறந்தாள், கெடு 2030க்குப் போனது. அந்த வருடம் அவளுக்குப் பதினைந்து வயது முடியும்.

உலக வங்கியும் யுனெஸ்கோவும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2022இல் போட்ட மதிப்பீட்டின்படி, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஒரு எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. 2030க்குள் உலகம் முழுக்க இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் வேண்டும் என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அந்த 4 கோடியே 40 லட்சத்தில் எங்கள் ஊருக்குக் குறைவது ஒரே ஒருவர்.

படிப்பு விஷயத்தில் நம் சீமை யாருக்கும் பின்னால் நின்றதில்லை, ஐயா. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூற்றிருபது வருடத்துக்கு முன்பே அங்கே பள்ளி இருந்தது. காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பசித்த பிள்ளை படிக்காது என்று தெரிந்து முதலில் சோறு போட்டார்கள். இன்று காலையிலும் போடுகிறார்கள். புதன்கிழமை பொங்கலுக்காகவே எட்டு மணிக்கு முன்னால் ஓடுகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. அதற்கு அரசாங்கத்துக்கு நன்றி. சாப்பிட்டுவிட்டு உட்காரும் வகுப்பில் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது நாங்கள் கேட்பது.

ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையை வேன் வருகிற ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் மகளிர் குழுவில் கடன் வாங்கி மாற்றுகிறார்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலை எண்ணும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும். உபரி என்று சொல்லி ஒருவரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு எடுத்தால், மீதிப் பிள்ளைகளும் போவார்கள். எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில் மூன்று ஆசிரியர் இருந்தார்கள். மூன்றாவது வகுப்பறை இப்போது பழைய பெஞ்சும் இரும்புச் சாமானும் போட்டு வைக்கும் அறையாகிவிட்டது.

இதில் படிப்பு மட்டும் போகவில்லை. எங்கள் ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும் இடம் இந்தப் பள்ளி ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முன்னால் இதே சுற்று வட்டாரத்தில், சேரன்மகாதேவி குருகுலத்தில், சாதி பார்த்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் நாடே பேசும் பிரச்சினை ஆனது. இன்று எங்கள் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனாலும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அண்ணனையும் தங்கையையும் வெட்டியதை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பெரிய வகுப்பில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிற்றைக் கழற்றச் சொல்வதை விட, சின்ன வகுப்பில் சேர்ந்து வளர விடுவது சுலபம் என்று ஒரு தாயாக நினைக்கிறேன். உள்ளூர்ப் பள்ளி வலுவாக இருந்தால்தான் அது நடக்கும். ஆளுக்கொரு வேனில் போனால் நடக்காது.

ஐயா, புதிய பணியிடம் உருவாக்குவது சென்னையில் முடிவாகும் விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்பு உள்ள பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர் என்று அரசுக்குத் தாங்கள் பரிந்துரை எழுத வேண்டும். அது வரும் வரைக்கும் தங்கள் கையில் இருப்பதைச் செய்து தர வேண்டும்.

முக்கியமானது பதிலுக்கு ஆள். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகிய வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்ப அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் தருகிறது. சரி, அந்த வேலைகளும் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் அந்த நாளில் வகுப்புக்கு வேறொருவர் வர வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்விலும் தேறிவிட்டு, வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். இப்படி ஒன்றியத்துக்குப் பத்துப் பேரைப் பட்டியல் எடுத்து, நாள் ஊதியம் கொடுத்து அனுப்பலாம். காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை வைக்க 2022இல் அரசே அனுமதித்தது. அதே வழியில் இதையும் செய்ய முடியும்.

இன்னொன்றுக்குச் செலவே கிடையாது. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேரையும் ஒரே நாளில் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ அழைக்கக் கூடாது என்று வட்டாரக் கல்வி அலுவலர்களுக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும். பார்வையிட வரும் அலுவலர்கள் பதிவேட்டைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பையில் ஒரு புதுக் கதைப் புத்தகம் கொண்டு வந்து, நான்கு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பள்ளியின் கதைப் புத்தகங்கள் நனைந்து பாழாய்ப் போயின. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலிருந்து மாதம் ஒரு பெட்டி புத்தகம் சுற்றுக்கு வந்தாலும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

இதை எங்கள் பள்ளிக்கு மட்டும் கேட்கவில்லை. பாபநாசம் மலையில் காணிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும், மாவட்டத்தில் எங்கெல்லாம் இரண்டு பேர் ஐந்து வகுப்பைச் சுமக்கிறார்களோ அங்கெல்லாமும் கேட்கிறோம். எந்தெந்தப் பள்ளியில் எத்தனை நாள் ஒரே ஆசிரியர் இருந்தார் என்று மாதாமாதம் கணக்கெடுக்க உத்தரவிடுங்கள். நான் காலண்டரில் போட்ட வட்டத்தை அலுவலகம் ஒரு பதிவேட்டில் போடட்டும்.

மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலும், பெற்றோர் கையெழுத்தும் கைரேகையும் உள்ள தாள்களும் இணைப்பில் உள்ளன. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மூன்றாவது வகுப்பறையில் கிடந்த சாமான்களை எடுத்துவிட்டுப் பெருக்கிக் கழுவிவிட்டோம். கரும்பலகைக்குக் கறுப்பு அடித்தாகிவிட்டது. அறைச் சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. ஆசிரியர் வரும் நாளைத் தெரிவித்தால் பஸ் நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவி மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.