மாலத்தீவு டிக்கெட் போடுவதற்கு முன்னால்

மேற்கு மாம்பலம், சென்னை

அன்புள்ள கவிதா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாலத்தீவு பேக்கேஜ் வந்தது. "ஆல் இன்க்ளூசிவ்ப்பா, உள்ளே போயிட்டா பர்ஸையே தொட வேண்டாம். எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் ஆபீஸ் கால் வருகிறது என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்தவனுக்குப் படங்களைவிட அடியில் இருக்கும் பொடி எழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

முதலில் விமான நேரம். நீங்கள் மாலேயில் இறங்குவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. அங்கிருந்து ரிசார்ட்டுக்கு சீப்ளேன், அதாவது கடலில் இறங்கும் சின்ன விமானம், என்று போட்டிருக்கிறது. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நீங்கள் வருவதற்குள் கடைசி சீப்ளேன் கிளம்பிவிட்டால், அன்று ராத்திரி மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ உங்கள் காசில் ரூம் எடுக்க வேண்டும். ரிசார்ட்டுக்குக் கட்டிய முதல் ராத்திரி வீண். காலை விமானம் கிடைக்கிறதா பார். இல்லாவிட்டால் ஸ்பீட் போட்டிலேயே போய்விடக்கூடிய தீவாகப் பார். இன்னொன்று, அந்த சீப்ளேன் கட்டணம் இந்த விலையில் சேரவே இல்லை. எல்லாம் அடக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, போய்ச் சேருவதை மட்டும் வெளியே வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதே, கவனித்தாயா? வரியும் சர்வீஸ் சார்ஜும் தனி என்று அர்த்தம். அங்கே சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் 10. போதாததற்கு கிரீன் டாக்ஸ், ரிசார்ட் என்றால் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். குட்டிப் பேத்திக்கும் உண்டு. மூன்று பேர், ஐந்து ராத்திரி, 180 டாலர். வெளிநாட்டு டூர் என்பதால் இங்கே ஏஜென்ட் வரியாகப் பிடிக்கும் டிசிஎஸ் போன காசு இல்லை, வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். யார் பான் நம்பரில் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வை.

சரி, ஃபுல் போர்டில் மூன்று வேளை சாப்பாடு வந்துவிடுகிறது. ஆல் இன்க்ளூசிவில் அதற்கு மேல் என்ன? பெரும்பாலும் மதுதான். 1950-ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் போட்டு ஆரம்பித்த கிளப் மெட் என்ற விடுமுறை கிளப்தான் இந்த மாதிரி விடுமுறைக்கு முன்னோடி. அந்த கிளப்பில்கூட ஒரு காலத்தில் சாப்பாடு சேர்ந்திருந்ததே தவிர, பாரில் குடிப்பதற்குத் தனியாகப் பாசிமணி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. குடிப்பவன் காசுக்குப் பதில் மணியைக் கழற்றிக் கொடுப்பான், அவ்வளவுதான். நம் மாப்பிள்ளை குடிப்பதில்லை (எனக்குத் தெரிந்தவரை). பக்கத்து மேசைக்காரரின் காக்டெயிலுக்கு நீங்கள் ஏன் பங்கு கட்ட வேண்டும்? ஃபுல் போர்டு விலையையும் கேட்டு வாங்கு. தண்ணீர், இடைவேளைக் காபி, குட்டிக்கு ஐஸ்க்ரீம் இதெல்லாம் அதில் உண்டா என்றும் கேள். அதற்கெல்லாம் தனித்தனி பில் என்று சொல்லி, இரண்டுக்கும் வித்தியாசமும் கொஞ்சமாக இருந்தால் ஆல் இன்க்ளூசிவே இருக்கட்டும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று ரூம் மட்டும் எடுத்துவிடாதே. அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். வெளியே வந்து டீக்கடை தேட முடியாது, வெளியே இருப்பது கடல். மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஈசிஆரில் தங்கினோமே, அது வேறு கதை. கேட்டைத் தாண்டினால் மகாபலிபுரம், கண் முன்னால் மசாலா தடவி வறுத்துக் கொடுக்கும் வஞ்சிரம். அந்த மாதிரி இடத்தில் மூன்று வேளைக்கும் சேர்த்துக் கட்டுபவனைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். காலை டிபனோடு ரூம் எடுத்தால் போதும்.

இவ்வளவையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவ கணக்கா கேட்டா?" என்றாள். அவள் சொல்வது சரிதான். புனேயில் உன் வீட்டில் இருந்தபோது நானும் பார்த்தேன். ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு வந்து, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாய். குட்டிக்கு நாளைக்கு டப்பாவில் என்ன, மாமியாருக்கு உப்பு இல்லாமல் என்ன, பால் இருக்கிறதா. ஃப்ரிட்ஜ் கீச்கீச்சென்று கத்துகிற வரைக்கும் நிற்பாய். என்ன சாப்பிடுவது, எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்று எவரும் உன்னைக் கேட்காத சில நாட்கள் உனக்கு வேண்டும். அதற்குக் காசு கொடுக்கிறாய் என்றால் இது நல்ல பேரம், எடுத்துக்கொள். ஐந்து ராத்திரிக்குப் பதில் நாலே போதும் என்பது என் எண்ணம். நாலாம் நாள் அதே பஃபேயில் அதே பாஸ்தாவைப் பார்த்துக் குட்டி தயிர் சாதம் கேட்பாள்.

அடுத்த வருஷம் எங்களையும் அழைத்துப் போகிறேன் என்றாயே, அதற்கு மட்டும் இது வேண்டாம். கால் மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடக்கூடிய தீவில் என்னை விட்டால் ரெண்டாம் நாளே தோட்டக்காரருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். மாஃபுஷி மாதிரி ஜனங்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. மது கிடைக்காது, நமக்கென்ன. கடைத்தெரு இருக்கும், பேச ஆள் இருக்கும். அம்மாவுக்கும் அதுதான் சரி.

இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா, கட்டணம் கிடையாது. ஆனால் குட்டியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது, சின்னக் குழந்தைகளுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள். முடியப்போகிறது என்றால் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் புதுப்பித்துவிடு.

அன்புடன்,
அப்பா