அந்த ஆக்சிமீட்டரின் சொந்தக்காரருக்கு

முகம் தெரியாத உங்களுக்கு வணக்கம்.

2021-இல் எனக்குக் கொரோனா வந்தபோது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் உங்கள் ஆக்சிமீட்டர் 19 நாள் எங்கள் வீட்டில் இருந்தது. நீல நிறம். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து, அது திறந்துகொள்ளாமல் இருக்க வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். பிளாஸ்திரி மேல் பேனாவால் '3' என்று எழுதியிருக்கும். அந்த 3 எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வீடு என்று கணக்கா, நீங்கள் வாங்கிய மூன்றில் ஒன்றா, இல்லை வீட்டுப் பிள்ளை கிறுக்கியதா?

உங்களைத் தேடாமல் இல்லை. எனக்குக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அவருக்குக் கொடுத்தது கூட வேலை பார்க்கும் ஒருவர். அவருக்கு அவர் தம்பியின் நண்பர். அந்த நண்பரிடம் பேசினேன். "யாரோ கொடுத்தாங்க, அந்த நேரத்துல யாருன்னு கேக்கத் தோணல" என்றார். அதற்கு மேல் நூல் அறுந்துவிட்டது. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். 2023 மே 5 அன்று, கொரோனாவுக்கான அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்று அந்த நாட்களை நினைக்கவே பிடிக்கவில்லை. போன வாரம் அலமாரி ஒழிக்கும்போது நோட்டு கிடைத்தது.

நோட்டு என்றால், உங்கள் கருவி காட்டிய எண்களை எழுதி வைத்த நோட்டு. எனக்குத் தொற்று உறுதியாகி உள் அறையில் இருந்தேன். வெளியே 70 வயது அம்மா, 20 வருட சர்க்கரை நோய், இரண்டு வேளை இன்சுலின். கூட 8 வயது மகன். கணவர் வேலை பார்த்த ஊரிலிருந்து கிளம்ப வழியில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எண்ணைச் சொல்ல, அந்தப் பக்கம் மகன் எழுதுவான். ஐந்தாம் நாள் 95 என்று நான் சொன்னதை 59 என்று எழுதிவிட்டான். அம்மா அதைப் படித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் என் நாடித்துடிப்பு 120-க்குப் போனது. அதையும் எழுதி வைத்திருக்கிறான்.

ஒரு எண் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இந்த நோயில் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சு முட்டும்போதுதான் ஓடுவது என்று இருந்தால் நேரம் கடந்துவிடும். அதனால் உங்களுக்குச் சொல்லும் நன்றியில் ஒரு பங்கு டகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளருக்கும் போக வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அவர் அளக்க நினைத்தது வேறு: இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை. காது வழியாக ஒளியைச் செலுத்திப் பார்த்தால் நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை எப்படி நீக்குவது என்று பார்த்தவர், அந்தத் துடிப்பை வைத்தே தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று கண்டுகொண்டார். 1974-இல் அதை வெளியிட்டார். 2020 ஏப்ரல் 18 அன்று, தன் 84-ஆவது வயதில் காலமானார். உலகமே அவர் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த மாதம் அது.

கருவி இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் தோழியின் சித்தி. ஓய்வுபெற்ற செவிலியர். சித்தி, உங்களை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் போன் வரும். "எவ்ளோ?" என்பீர்கள். நலமா, சாப்பிட்டாயா என்ற பேச்சே கிடையாது. முதல் நாள் நான் 91 என்றதும் பதறாமல், "நகத்துல பாலிஷ் இருக்கா?" என்று கேட்டீர்கள். இருந்தது. "அழிச்சிட்டு, கையை நல்லா தேய்ச்சு சூடாக்கி, ஒரு நிமிஷம் அசையாம உக்காந்து பாரு." 96 வந்தது. 94-க்குக் கீழே நின்றால் கூப்பிட வேண்டும், 90-க்குப் போனால் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். கருவி இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே காட்டும், நம்மைப் போலத் தோல் கறுத்தவர்களுக்குச் சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டிவிடும், அதனால் எண்ணை மட்டும் நம்பாதே, அது இறங்குகிறதா என்று பார் என்றும் சொன்னீர்கள். அப்படி ஒரு ஆய்வு 2020 டிசம்பரில்தான் வந்திருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேலையை விட்டு வந்த பிறகும் நீங்கள் படிப்பதை விடவில்லை.

ஒரு திட்டும் வாங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வினாடி மூச்சைப் பிடித்து, இருமல் வராவிட்டால் நுரையீரலில் தொற்று இல்லை என்று ஒரு செய்தி சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அதை முந்தைய வருடம் நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். ஏழாம் நாள் நானும் மூச்சைப் பிடித்துப் பார்த்து, இருமல் வரவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். "இதை உனக்கு எந்த டாக்டர் சொன்னார்?" என்று கேட்டீர்கள். பதில் இல்லை. நான் அனுப்பி, அதை நம்பி யாராவது பரிசோதனைக்குப் போகாமல் இருந்திருந்தால், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

எட்டாம் நாள் ராத்திரி. நோட்டில் அந்தப் பக்கம் மகன் எழுத்து இல்லை, அவன் தூங்கிவிட்டான். என் எழுத்துதான், கோணல் மாணலாக. 93. 93. 92. 93. முதல் வாரம் காய்ச்சலோடு போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டாவது வாரம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது என்று சித்தி முன்பே எச்சரித்திருந்தார். மருத்துவமனைகளுக்குப் போன் போட்டோம். இரண்டு இடத்தில் மணி அடித்து அடித்து நின்றது. ஒரு இடத்தில் முழுதாகக் கேட்பதற்குள் இல்லை என்று வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர்களும் அன்று எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார்கள் என்று அறிவுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நான்காவது இடத்தில் ஒரு பெண் எடுத்தார். "இடம் இல்லம்மா, ஆனா போனை வச்சிடாதீங்க" என்றார். ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பேச வைத்துக் கேட்டார். உதடு நீலமாக இருக்கிறதா, இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா என்று கேட்டார். காலையில் யாராவது வீட்டுக்குப் போனால் இடம் வரும், ஆறு மணிக்கு இதே எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அதற்கு முன் 90 ஆனால் இடம் இருக்கிறதோ இல்லையோ நேராக வந்துவிடுங்கள் என்றார். அவர் பெயர் கேட்கவில்லை. பெயர் கேட்கும் புத்தி அந்த வருடம் யாருக்குமே இருந்ததில்லை போலிருக்கிறது.

பிறகு சித்தி மூன்று மணி வரை லைனில் இருந்தார். குப்புறப் படுக்கச் சொன்னார்; முதுகுப் பக்கத்து நுரையீரலுக்கு அப்போதுதான் காற்று நன்றாகப் போகும் என்றார். அப்போது ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு நான் அழுதேன். தெரிந்தவர் ஒருவர் அதைச் சாப்பிட்டு எழுந்து நடமாடினார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சித்தி அசையவே இல்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே ஆய்வில் பலன் எதுவும் இல்லை. இதையெல்லாம் அவர் அன்று எனக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "டாக்டர் எழுதாம ஒரு மாத்திரை உள்ள போச்சு, நாளைக்கு நான் போன் பண்ண மாட்டேன்" என்றார். அந்த மிரட்டல் வேலை செய்தது. காலை ஆறு மணிக்கு 94. ஏழு மணிக்கு 95. இடம் வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லக் கூப்பிட்டேன், வேறு யாரோ எடுத்தார்கள்.

எனக்கு இப்படி என்றால் அம்மாவுக்கு வேறு கவலை. ஒன்பதாம் நாள் இன்சுலின் தீர்ந்துவிட்டது. வழக்கமான கடையில் அந்த வகை இல்லை. கடையில் வேலை செய்த தம்பி, அவனாகவே நான்கு கடை ஏறி இறங்கிக் கொண்டுவந்தான். கொண்டுவந்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஐஸ் பைகளுக்கு நடுவே நேராக வைக்காமல், மருந்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தான். இன்சுலின் உறைந்துவிட்டால் கெட்டுவிடும், பிறகு உருகினாலும் உதவாது. இருபது வருடம் ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாவுக்கே அது தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று, அட்டையில் உள்ள பெயரை அம்மா வாசித்துக் காட்டிய பிறகுதான் போனான். தம்பி, நீ இப்போது அந்தக் கடையில் இல்லை என்றார்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

குப்பை எடுக்க வந்த அக்கா. தொற்று வீட்டுக் குப்பையை இரண்டு பைக்குள் கட்டித் தனியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். பலர் எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். நானும் அவர்கள் இடத்தில் அதைத்தான் செய்திருப்பேன். அக்கா மட்டும் நின்று, "உள்ள இருக்கறவங்க எப்படி இருக்காங்க?" என்று சத்தமாகக் கேட்பார். மகன் அன்றைய எண்ணைக் கத்துவான். ஒருநாள் 97 என்று கத்தியபோது அவர் கைதட்டியது உள் அறைவரை கேட்டது. அவருக்குக் கொடுத்திருந்த கையுறையில் ஒரு விரல் கிழிந்திருந்தது என்று அம்மா சொன்னார். அதை யாரிடம் கேட்பது என்று அன்றும் தெரியவில்லை.

அலுவலகத்தில் என் மாதக் கடைசிக் கணக்கை முடித்து, கீழே என் பெயரையே போட்டு அனுப்பியவருக்கு நன்றி. கோப்பைத் திறந்தபோது கண்டுபிடித்துவிட்டேன். கேமராவை அணைத்துவிட்டு மகன் அழுதுகொண்டிருக்கிறான் என்று ஊகித்து, வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டுக் கதை கேட்ட டீச்சருக்கும்.

கீழ் வீட்டு மாமாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா கோயில் குளம் இல்லாமல், மகள் கதவுக்குப் பின்னால் இருமுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாமா தினமும் மாலை ஐந்து மணிக்குப் போன் செய்து குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். அம்மா விடை சொல்ல வேண்டும். தெரிந்த விடைகளையும் தெரியாத மாதிரி கேட்கிறார் என்று அம்மாவுக்குச் சந்தேகம். மாமாவுக்குக் கடைசிவரை கொரோனா வரவே இல்லை. அந்த வருடக் கடைசியில் மாரடைப்பு. அவர் வீட்டில் கொடுத்த, பாதி நிரப்பிய ஒரு கட்டத்தை அம்மா தன் மருந்து டப்பாவில் மடித்து வைத்திருக்கிறார். நிரப்பவில்லை.

எனக்குச் சரியாகிப் பல மாதம் வாசனை தெரியவில்லை. மாடி ஏறினால் பாதியில் உட்கார வேண்டும். ஒரு மருத்துவர் அதை மனக்கவலை என்றார். அதே நிலையில் இருந்தவர்கள் உலகின் எங்கெங்கோ இருந்து எழுதியதைப் படித்துத்தான் நான் தனியாள் இல்லை என்று தெரிந்தது. நீண்ட கோவிட் என்ற பெயரே 2020-இல் நோயாளிகள் வைத்ததுதான். மருத்துவ உலகம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகளைத் தினமும் இரண்டு வேளை முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். கிராம்பு முதலில் திரும்பி வந்தது.

இனி உங்கள் கருவி போன கதை. இருபதாம் நாள் காலை ஸ்பிரிட்டால் துடைத்து, புது பேட்டரி போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அங்கிருந்து அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுப் பெரியவர் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அவர் மகன், தானே கருவியை எடுத்துக்கொண்டு இன்னொரு வீட்டைத் தேடிப் போய்க் கொடுத்திருக்கிறார். அந்தத் தம்பிக்கு நன்றி என்ற சொல் பொருந்துமா என்று தெரியவில்லை, வேறு சொல் என்னிடம் இல்லை. அதற்கப்புறம் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

சுற்றி உங்களிடமே திரும்பி வந்திருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பிளாஸ்திரி ஈரத்தில் உரிந்துவிட்டது. இப்போது இருப்பது நான் ஒட்டியது. 3-ஐ அதே இடத்தில் நானே திரும்ப எழுதினேன். கையெழுத்து வேறாகத் தெரிந்தால் அதனால்தான்.

இப்படிக்கு,
19 நாள் அதை வைத்திருந்தவள்