மேக்ரோ லென்ஸின் ஃபோகஸ் லிமிட்டர் பழுது: சரிசெய்யாமல் அலைக்கழிப்பது குறித்து

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுடைய 100 எம்எம் எஃப்/2.8 மேக்ரோ லென்ஸ் விஷயமாகத்தான் மறுபடியும் எழுதுகிறேன். பில், வாரண்டி கார்டு, புகார் எண் எல்லாம் பழைய மெயில்களிலேயே இருக்கின்றன. தயவுசெய்து இன்னொரு தடவை அனுப்பச் சொல்லாதீர்கள்.

லென்ஸ் எந்தத் தூரத்துக்குள் ஃபோகஸ் தேட வேண்டும் என்று கட்டுப்படுத்த, பக்கவாட்டில் இருக்கும் லிமிட்டர் சுவிட்ச் வேலை செய்யவில்லை. அதை 0.5 மீட்டர் முதல் இன்ஃபினிட்டி என்று தள்ளி வைத்தாலும் லென்ஸ் 30 சென்டிமீட்டர் வரை ஓடிப்போய்த்தான் திரும்புகிறது. நான் கல்யாணப் படம் எடுப்பவன். மணப்பெண் இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பட்டனைப் பாதி அழுத்தினால் நெற்றிச்சுட்டியும் கண்ணும் முகமும் சேர்ந்து கரைந்து, வெறும் நிறமாகி, அப்புறம் நிதானமாகத் திரும்பி வருகிறது. அதற்குள் சிரிப்பு போய்விடும். தாலியை இன்னொரு தடவை கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்கவா முடியும்?

மேக்ரோவில் ஃபோகஸ் கொஞ்சம் தேடும் என்பது எனக்குத் தெரியும். அப்படித் தேடக் கூடாது என்றுதானே அந்தச் சுவிட்சையே வைத்தீர்கள்? இதே கேமரா பாடியில் 50 எம்எம் லென்ஸ் போட்டால் டக்கென்று பிடிக்கிறது. இந்த லென்ஸை நண்பரின் பாடியில் மாட்டினால் அங்கேயும் இதே ஓட்டம். கேமராவில் கோளாறு இல்லை.

இதை உங்கள் சென்னை சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்த தம்பியிடம் விளக்கப் போனேன். டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே, "சார், மேக்ரோன்னா ஈ, எறும்பு எடுக்கத்தான். ஆள் எடுக்கணும்னா 85 எம்எம் லென்ஸ் வாங்கிக்குங்க" என்றார். நீங்கள் கொடுத்த விளம்பரத் தாளில் 'போர்ட்ரெய்ட்டுக்கும் உகந்தது' என்று போட்டிருக்கிறதே, அது எறும்பின் போர்ட்ரெய்ட்டா? பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதுவும் நானாகப் போன நாள் இல்லை. வரச் சொல்லி உங்கள் ஆட்கள்தான் போன் செய்தார்கள். மதுரையிலிருந்து பாண்டியனில், முன்பதிவில்லாத பெட்டியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே வந்து இறங்கினால், இன்ஜினியர் லீவாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே.

சரி, கடைசியில் லென்ஸை வாங்கி வைத்தீர்கள். திரும்பி வந்ததில் புதிதாக ஒரு கோளாறு. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்கும் நான் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஆரத்தை நேராக விரித்து மேலிருந்து எடுத்தால் இடப்பக்கக் கற்கள் கல்லாகத் தெரிகின்றன, வலப்பக்கக் கற்கள் வெண்ணெய் தடவிய மாதிரி. லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை எஃப்/11க்குக் குறைத்தாலும் முழுதாகப் போகவில்லை. மூக்குத்தியை 1:1 அளவில், அதாவது சென்சாரில் அதன் அசல் அளவிலேயே விழும்படி எடுக்கும்போது எஃப்/11லேயே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான ஆழத்துக்குத்தான் கூர்மை கிடைக்கும். அதனால்தான் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குகிறோம். அதில் ஓரமும் மங்கினால் அடுக்கி என்ன பிரயோஜனம்? சர்வீசுக்குக் கொடுக்கும் முன் எடுத்த அதே ஆரத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் ஜாப் ஷீட்டில் 'குறை எதுவும் இல்லை, லென்ஸ் பிரிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். லென்ஸைக் கேமராவில் மாட்டும் மவுண்ட்டில் ஒரு திருகின் தலை நசுங்கி, கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளையாக மின்னுகிறது. பிரிக்காமல் திருகு எப்படி நசுங்கியது?

இந்தக் கல்யாண சீசனே எனக்குப் போய்விட்டது. இரவல் லென்ஸ் வாங்கித்தான் தொழில் ஓடுகிறது. இவ்வளவு வருஷம் சேர்த்த பெயரை ஒரு சுவிட்ச் கெடுத்துவிட்டது என்றே சொல்வேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல லென்ஸ் செய்கிறீர்கள் என்று நம்பித்தான் காசு கொடுத்தேன். ஆனால் உங்கள் கால் சென்டர் அம்மா ஒருவர், 'நீங்கள் கமர்ஷியலாகப் பயன்படுத்துகிறீர்கள், நுகர்வோர் புகாரெல்லாம் கொடுக்க முடியாது' என்றார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர் ஒருமுறை படிக்கட்டும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இனி நான் சென்னை வரமாட்டேன். உங்கள் வக்கீல்தான் மதுரைக்கு வர வேண்டியிருக்கும்.

அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். லென்ஸை மாற்றிப் புதிதாகக் கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 'மறுபடி செக் பண்ணுகிறோம்' என்ற பதில் வேண்டாம். இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். அந்தத் தம்பி சொன்ன எறும்புக் கதையும் மனுவில் இருக்கும்.

லென்ஸை எடுத்துப்போக உங்கள் செலவில் கூரியர் ஆளை வீட்டுக்கே அனுப்புங்கள். முகூர்த்த நாள் காலையில் மட்டும் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்

இணைப்பு: ஆரத்தின் இரண்டு படங்கள், மவுண்ட் திருகின் குளோசப் (இரவல் லென்ஸில் எடுத்தது)