குழாய் எங்கே போகிறதென்று சொன்னவர்களுக்கு

நம் நகரில் குடியிருக்கும் எல்லாருக்கும், இங்கே குடியில்லாமலேயே இத்தனை வருஷம் நமக்குத் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் இரண்டாவது குறுக்குத் தெருவின் கடைசி வீட்டுக்கும் மாநகரக் குடிநீர் இணைப்பு வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை இணைப்பு அதற்கு முன்பே முடிந்தாயிற்று. ஆகவே இந்த மாதக் கடைசியோடு நம் குடிநீர், கழிவுநீர்க் கமிட்டியைக் கலைத்துவிடுவதென்று பொதுக்குழுவில் முடிவு செய்திருக்கிறோம். வரவு செலவு எல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவன் என்கிற முறையில் நான் வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அதற்குத்தான் இந்த மடல்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1992-ல் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் இந்த மனைப்பிரிவு போட்டபோது இது சென்னையே கிடையாது. 2011-ல் சுற்றுவட்டாரத்தில் 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தபோது நாமும் சேர்ந்தோம். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி அன்றைக்கு 426 ஆனது. முகவரியில் சென்னை என்று எழுத ஆரம்பித்துவிட்டோம், ஆனால் அவ்வளவு பெரிய பரப்புக்குக் குழாய் பதித்து வர வருஷக்கணக்கில் ஆகும் இல்லையா? அதுவரைக்கும் நம் 212 வீட்டுக்கும் தண்ணீர் கொடுப்பதும், கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிப்பதும் நாமேதான். இரண்டு உறைகிணறு, நான்கு போர்வெல், அறுபதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி, பூங்காவுக்குப் பின்னால் ஒரு சின்ன சுத்திகரிப்பு நிலையம். ஒரு சின்ன ஊரை நடத்துகிற வேலைதான் அது, சம்பளப் பட்டியலில் நான்கு பேர்.

நான் பொறுப்பேற்ற அன்று என் கையில் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து, ஒரு லெட்ஜர், ஆள் உயர வால்வு சாவி ஒன்று. தரைக்கடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. மனைப்பிரிவு வரைபடத்தில் தெரு இருக்கும், மனை எண் இருக்கும், குழாய் இருக்காது. முழு வலையமைப்பும் இரண்டு மூன்று பேருடைய ஞாபகத்தில்தான் இருந்தது. நான் இந்த மடலை எழுதுவதே முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

முதலில் நம் டேங்க் அண்ணன். இருபத்தாறு வருஷமாக விடியற்காலை நாலரை மணிக்கு மேடவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து வால்வு திறந்தவர். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். தெருவில் கசிவு இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் வால்வு சாவியின் ஒரு முனையை வால்வுத் தலையில் வைத்துவிட்டு மறுமுனையைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது, பால் வண்டி வந்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒரு நிமிஷம் கழித்து, "இங்க இல்ல சார், வேப்பமரத்துக்கு அந்தாண்ட" என்பார். தோண்டினால் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் மண் ஈரமாக இருக்கும். அண்ணே, உங்களிடம் கற்றுக்கொள்ள நானும் எத்தனையோ தடவை காதை வைத்துப் பார்த்தேன், எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

அப்புறம், நம் பிளம்பர் மேஸ்திரி ஐயா. 2017-ல் இரண்டாவது குறுக்குத் தெருவில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் காலை கைக்குழந்தையோடு ஒரு தங்கச்சி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் என் மூக்குக்கு நேராக நீட்டியது. சாக்கடை வாடை. மொத்தம் ஒன்பது வீட்டில் அப்படி. வினோதம் என்னவென்றால், திறந்த முதல் ஐந்து நிமிஷம்தான் வாடை, அப்புறம் தண்ணீர் பளிச்சென்று வந்துவிடும். நாங்கள் போய்ப் பார்க்கிற நேரத்தில் நல்ல தண்ணீராகவே இருக்கும்.

ஏன் அப்படி என்பதை எனக்கு விளக்கியவர் மேஸ்திரிதான். நாம் நாள் முழுக்கத் தண்ணீர் விடுவதில்லை, காலையில் ஒன்றேகால் மணி நேரம், சாயந்திரம் முக்கால் மணி நேரம். தண்ணீர் ஓடுகிறவரை குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நிறுத்தியவுடன் குழாய் காலியாகிறது, அப்போது வெளியே தேங்கியிருப்பதெல்லாம் அதே ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. மறுநாள் திறந்ததும் முதலில் வீட்டுக்கு வருவது அதுதான். இதில் யாராவது லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம், தண்ணீர் ஓடும்போதே அழுத்தம் போய் அழுக்கை இழுத்துக்கொள்ளும்.

சரி, ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குளோரினை வைத்துத்தான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியில் நல்ல மஞ்சள், தெரு முனையில் மஞ்சள், மூன்றாவது வீட்டிலும் மஞ்சள், நான்காவது வீட்டில் வெறும் தண்ணீர். அழுக்கு கலந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஆக மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே எங்கேயோ. அந்த இடத்தில் இரண்டு நாள் தோண்டியும் குழாயே கிடைக்கவில்லை. சேதி கேள்விப்பட்டு, காலில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார் மேஸ்திரி. "இங்க தோண்டாதீங்க தம்பி, 96-ல சிறுபாலம் கட்டினப்போ லைனை அந்தப் பக்கமா திருப்பிட்டோம்" என்று ஆறடி தள்ளிக் காலால் கோடு போட்டார். ராத்திரி பதினோரு மணிக்குக் கிடைத்தது. கழிவுநீர்க் குழாயின் மூட்டுக்கு நேர் கீழே பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய், துருவில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓட்டை. இருபதடி வெட்டி எடுத்துவிட்டு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயை, கழிவுநீர்க் குழாய்க்கு மேலே வருகிற மாதிரி, முடிந்த இடத்திலெல்லாம் பத்தடி தள்ளியும் போட்டோம். ஐயா, நீங்கள் அன்றைக்கு வரவில்லையென்றால் இன்னும் எத்தனை நாள் அந்தக் குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கியிருப்பார்களோ. கூலி என்று நீட்டியதை வாங்காமல் ஆட்டோ காசு மட்டும் வாங்கிக்கொண்டு போனீர்கள், அதை நான் மறக்கவில்லை.

அதே வாரம், தன் வீட்டு லைன் மோட்டாரைத் தானே கழற்றிக் கமிட்டி ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து வைத்த 41-ஆம் எண் வீட்டுப் பெரியவருக்கும் நன்றி. அவர் செய்ததைப் பார்த்து ஒரு மாதத்தில் பதினேழு மோட்டார் கழன்றது. நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியபோது ஒன்று கூடக் கழலவில்லை.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் எந்தக் குழாய், எந்த வால்வு எங்கே இருக்கிறதென்று நோட்டு போட ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் டேங்க் அண்ணனும் மேஸ்திரியும் முன்னால் நடக்க, சிவில் படிக்கிற நம் பசங்க இரண்டு பேர் டேப் பிடித்து அளந்து எழுதினார்கள். தெரு ஓரத்து இட்லிக்கடை அம்மா கூட, "தோ, இங்க ஒரு மூடி இருந்துச்சு, ரோடு போட்டப்போ மேலயே தாரை ஊத்திட்டாங்க" என்று காட்டினார். ரோட்டைக் கொத்திப் பார்த்தால் உண்மையிலேயே வால்வு! அப்படித் தார்க்கடியில் புதைந்து கிடந்தவை மட்டும் ஒன்பது. அம்மா, உங்கள் கடைக்கு முன்னால் கிடைத்த அந்த வால்வுதான் மூன்றாவது தெருவைத் தனியாக நிறுத்த உதவியது. அதற்கு முன்னால் ஒரு வீட்டில் ரிப்பேர் என்றால் பாதி நகருக்குத் தண்ணீர் நிற்கும்.

கழிவுநீர்ப் பக்கம் வருகிறேன். 2009-ல், நான் செயலாளர் ஆவதற்கு முன்பு நடந்த பொதுக்குழுவில் அடைப்பெடுக்க வந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று பேசினார். தன் தம்பியை மேன்ஹோலில் பறிகொடுத்தவர். "அழுகின முட்டை வாடை அடிச்சா பயப்படுங்க, அந்த வாடை திடீர்னு நின்னுபோச்சுன்னா இன்னும் பயப்படுங்க, வாடை போகல, உங்க மூக்குதான் செத்துப்போச்சு" என்றார். ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படித்தான், அளவு ஏறினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். அன்றைக்கே தீர்மானம் போட்டோம்: நம் நகரில் எந்தக் குழிக்குள்ளும் ஆளை இறக்குவதில்லை, எவ்வளவு ஆனாலும் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கிற ஜெட்ராடிங் வண்டிதான். 2013-ல் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிற சட்டம் வந்தது, 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்றது, 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. நாம் சட்டத்துக்கு நான்கு வருஷம் முந்தினோம் என்றால் அது அந்தப் பெரியவர் வாய்திறந்ததால். அவர் இப்போது இல்லை. அவர் மகளுக்கு இந்த மடலின் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வண்டிச் செலவுக்காக மாதச் சந்தாவை ஏற்றியபோது வீட்டு வாசலில் நின்று பேச்சு வாங்கிக்கொண்டும் ஒரு மாதம் கூட விடாமல் வசூலித்த பொருளாளர் அக்காவுக்கு என் கும்பிடு.

சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி ஒடிசாக்காரர், இப்போது என்னைவிட நல்ல மெட்ராஸ் தமிழ் பேசுகிறார். தினமும் காலையில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்துத் திண்ணையில் வைத்துவிடுவார். அரை மணி நேரம். பழுப்புக் கசடு மெதுவாக இறங்கி அடியில் உட்கார, மேலே தெளிவு தெரியும். கசடு எத்தனையாவது கோட்டில் நிற்கிறதென்று சிலேட்டில் எழுதுவார், கமிட்டியில் யாராவது வந்து பார்க்கிறார்களா இல்லையா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போய் நான்கு நாள் தொட்டிக்குக் காற்றடிக்கிற புளோயர் ஓடவில்லை, கழிவைத் தின்கிற நுண்ணுயிர் அத்தனையும் போச்சு. இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேரோடு சேர்ந்து புளோயர் மோட்டாரைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துக் காப்பாற்றியதும், பால்கார அண்ணனிடம் கூடை கூடையாகச் சாணி வாங்கிக் கரைத்து ஊற்றி, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கசடு கேட்டு வாங்கி வந்து, மூன்று வாரத்தில் மறுபடி உயிர் கொடுத்ததும் அவர்தான். அந்த மூன்று வாரமும் நிலையத்திலேயே படுத்துக்கொண்டார். கிணற்றில் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருந்ததால் இறைத்துக் கொட்டி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு, குளோரின் நிற்கிறவரை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த மகளிர் குழு அக்காமார்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2019-ஐப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். நம் கிணற்றில் உறையை எண்ணித்தான் தண்ணீர் மட்டம் சொல்வோம், அந்த ஜூனில் பத்தொன்பது உறையும் வெளியே தெரிந்தது. ராத்திரி இரண்டரை மணிக்கு லாரி வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் பத்துக் குடம் என்று பெயர் எழுதி அளந்துவிட்ட ஓய்வு பெற்ற டீச்சரம்மாவுக்கு நன்றி. தன் வீட்டுக்குக் கடைசியில்தான் பிடித்தார். ஒருநாள் கடைசியில் நான்கு குடம்தான் மிச்சம் இருந்தது, நான்கோடு போனார். லாரி ஓட்டிய தம்பிகளுக்கும் நன்றி, வேறு இடத்தில் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருந்தபோதும் சொன்ன நடையை நமக்கு மாற்றவில்லை.

வீட்டில் என் மனைவி. பதினோரு வருஷம் தலைமாட்டில் அடித்த போனை எனக்கு முன்னால் எடுத்து, "தெரு பேரு சொல்லுங்க, எப்பலேர்ந்து வரல?" என்று கேட்டுக் குறித்து வைத்துவிட்டு அப்புறம்தான் என்னை எழுப்புவார்.

புது இணைப்புக்கு அளவெடுக்க வந்த பொறியாளர்கள் நம் நோட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில் எந்த ஆழத்தில் பழைய லைன் இருக்கிறதென்று தெரிந்ததால் இணைப்பு வேலை நடந்த நாட்களில் ஒரு குழாய் கூட உடையவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் டேங்க் அண்ணன், மேஸ்திரி ஐயா, இட்லிக்கடை அம்மா மூன்று பேருடைய பெயரும் எழுதியிருக்கிறது. மூலம் நூலகத்தில் இருக்கும்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு டேங்க் அடியில் அண்ணனுக்கும் சுத்திகரிப்பு நிலையத் தம்பிக்கும் வழியனுப்பு. காபி, இட்லி கமிட்டி செலவு, டம்ளர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். கிணறு இரண்டையும் மூடப்போவதில்லை, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் அதில்தான் இறங்குகிறது, ஐப்பசிக்கு முன்னால் வடிகட்டித் தொட்டியின் ஜல்லியை யாராவது அலசிப் போட வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் அன்றைக்கே டீச்சரம்மாவிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.