தராசோடு வந்த அம்மாவுக்கு நன்றி

டிவிஎஸ் 50இல் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊர் ஊராகக் காய்கறி விற்கும் அம்மா, இது உங்களுக்கு.

அன்று எங்கள் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் நடத்தும் சந்தை. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து சின்ன வகுப்புகளில் கணக்கைச் செய்து பார்த்தே கற்க வைக்கிறோம். கைத்தராசு தருவதாகச் சொன்னவர் வரவில்லை. இருந்தது மின்னணுத் தராசு மட்டும். அது எண்ணைக் காட்டுமே தவிர எடையை உணர்த்தாது.

வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்த நீங்கள், யாரும் கூப்பிடாமலே தராசையும் எடைக்கற்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். "கால் கிலோ தக்காளி வேணும் சாமி, கல்லு எடு பாக்கலாம்" என்றீர்கள். 500, 200, 100, 50 கிராம் கற்கள் இருந்தன. 250க்குக் கல்லே இல்லை! பிள்ளைகள் திகைத்தார்கள். நீங்கள் விடையைச் சொல்லவில்லை, காத்திருந்தீர்கள். அந்தப் பொறுமையை எந்தப் பயிற்சியிலும் நான் பார்த்ததில்லை. எண் என்றாலே ஒதுங்கும் ஒரு பெண்பிள்ளை 200ஐயும் 50ஐயும் சேர்த்து வைத்தாள். "அப்ப முக்கால் கிலோவுக்கு?" என்றீர்கள் உடனே. 500ஐயும் எடுத்து வைத்துவிட்டாள்!

காலை வியாபாரம் போயிற்றே என்று பணம் நீட்டினேன். வாங்கவில்லை, தக்காளிக்கும் காசு வேண்டாமென்று கிளம்பிவிட்டீர்கள்.

இந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா, அடுத்த சந்தைக்கும் வாருங்கள். அன்றைக்குக் கூடை மொத்தமும் நாங்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.