பனிப்படிகத்துக்கு எட்டு முனை கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த பனிப்பொழிவுக் கட்டுரையை என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். படத்தில் இருந்த பனிப்படிகத்துக்கு எட்டு முனை. அதன் கீழே, மழைத்துளி குளிரில் உறைந்து பனியாக விழுகிறது என்று ஒரு வரி. இரண்டுமே தவறு, தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

முதலில் அந்த வரி. மழைத்துளி உறைந்தால் கிடைப்பது உருண்டையான ஐஸ் மணிதான், அதில் கிளை எல்லாம் இருக்காது. பனிப்படிகம் நீராவியிலிருந்து வளர்வது. மேகத்தில் உள்ள நுண்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் உறைந்துவிடுவதில்லை, சுத்தமான துளி கிட்டத்தட்ட மைனஸ் 38 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே தாக்குப்பிடிக்கும். களிமண் தூசியோ, சில சமயம் செடிகளில் வாழும் பாக்டீரியாவோ உள்ளே மாட்டிக்கொண்டால்தான் அதற்கு முன்பே உறையும். அப்படி ஒன்று உறைந்ததும் சுற்றியிருக்கும் துளிகள் ஆவியாகி, அந்த ஆவி இதன்மேல் வந்து படியப் படிய, மற்ற துளிகள் கரையக் கரைய இது மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்மேல் வெள்ளையாகத் தெரியும் உறைபனிகூட இப்படி நீராவி நேராகப் பனிக்கட்டியாகப் படிவதுதான்.

சரி, ஏன் ஆறு முனை? 1611-லேயே கெப்ளர் இதைக் கேட்டார். கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். பிராக் நகரில் தான் போட்டிருந்த கோட்டின்மேல் விழுந்த பனியைப் பார்த்து, ஐந்தோ ஏழோ இல்லாமல் எப்போதும் ஆறாகவே இருப்பது ஏன் என்று ஒரு சிறு நூலே எழுதினார். கடைசியில் விடையை வேதியியல் அறிந்தவர்களிடம் விட்டுவிட்டார், அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம். விடை நீர் மூலக்கூறில் இருக்கிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் நான்கு மூலக்கூறுகளோடு கைகோக்கிறது, அப்படிக் கோத்துக்கொண்டே போனால் அறுகோண வளையங்கள் அடுக்கடுக்காக அமையும். எட்டுக்கு அங்கே இடமே இல்லை.

அறுகோணத் தட்டின் மூலைகள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நீராவி அங்கேதான் அதிகம் போய்ச் சேரும், சேரச் சேர மூலை இன்னும் நீளும், அதுவே கிளையாகிவிடும். ஒரு கிளைக்கு மற்றக் கிளை எப்படி வளர்கிறது என்று தெரியாது, ஆனாலும் ஆறும் ஒரே நேரத்தில் ஒரே குளிரையும் ஒரே ஈரப்பதத்தையும் கடந்து வருவதால் ஒன்றுபோலவே வளர்கின்றன.

இதைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டியவர் ஜப்பானின் உகிச்சிரோ நகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில், பஞ்சு, பட்டு என்று பல இழைகளைப் போட்டுப் பார்த்து எதுவும் சரிவராமல், கடைசியில் ஒரு முயல் முடியின் நுனியில் 1936-ல் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலை மாறினால் வடிவமே மாறுகிறது என்று அவர் காட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை: மைனஸ் 2-ல் மெல்லிய தட்டு, மைனஸ் 5-ல் ஊசியும் தூணும், மைனஸ் 15 வந்தால் மறுபடி தட்டையாகி, ஈரம் நிறைய இருந்தால் கிளைவிட்ட நட்சத்திரம். தூணாகத் தொடங்கிய படிகம் வேறு குளிருக்குள் நுழைந்தால் அதன் இரண்டு முனையிலும் தட்டு முளைக்கும். ஆக, கையில் விழுந்த படிகத்தைப் பார்த்தே மேலே மேகத்தில் என்ன நிலை இருந்தது என்று சொல்லலாம்.

அப்புறம், எல்லாப் படிகமும் அழகாக இருக்காது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885-லிருந்து 5,000-க்கும் மேல் படம் எடுத்தார், அதில் நேர்த்தியானவற்றைத் தேடித் தேடித்தான் எடுத்தார். நிஜத்தில் பாதிக்கு மேல் கோணலும் உடைசலுமாகத்தான் விழும். மூன்று மூலைப் படிகம் உண்டு, இரண்டு படிகம் ஒட்டி வளர்ந்து பன்னிரண்டு கிளை வருவதும் உண்டு. அவற்றை உங்கள் ஓவியர் தாராளமாக வரையலாம்.

திருத்தத்தோடு பென்ட்லி எடுத்த படம் ஒன்றையும், இடம் இருந்தால் நகாயாவின் வெப்பநிலை–வடிவ வரைபடத்தையும் போடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே அது நன்றாகப் புரியும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர், திருச்சி